கயிறு, காது, கட்டைவிரல்: செல்வாக்கைச் சொல்லும் ஆங்கிலத் தொடர்கள்

வாசகியின் கேள்வி: “ஒரு நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் பணிபுரிகிறேன். ஓய்வு பெறும் எங்கள் இயக்குநருக்கான பாராட்டு மடலை ஆங்கிலத்தில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. எங்கள் குழுவுக்குப் பயிற்சி வாய்ப்புக் கிடைப்பதற்காகத் தேர்வுக் குழுவிடம் அவர் எடுத்துப் பேசியதை நன்றியோடு குறிப்பிட விரும்பி, ‘ஹி புல்டு ஸ்டிரிங்ஸ் வித் த செலக்‌ஷன் கமிட்டி’ என்று எழுதினேன். மரபுத்தொடர்ப் பட்டியல் ஒன்றில் அதற்குச் ‘செல்வாக்கைப் பயன்படுத்துதல்’ என்றே பொருள் இருந்தது. மடலைப் படித்ததும் இயக்குநரின் முகம் மாறியது. மூத்த அலுவலர் ஒருவர் அந்த வரியை நீக்கச் சொன்னார், காரணம் சொல்லவில்லை. பொருள் தெரிந்தும் நான் எங்கே தவறினேன்? இத்தகைய தொடர்களில் எது பாராட்டு, எது பழி என்று அறிய வழி உண்டா? ‘இன்ஃப்ளூயன்ஸ்’ என்ற சொல்லுக்குப் பின் ‘ஆன்’, ‘ஓவர்’, ‘வித்’ ஆகிய மூன்றும் வருகின்றனவே, எதை எங்கே எழுதுவது? இயக்குநரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?”

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் வரி சொன்ன செய்தி இதுதான்: தகுதியை வைத்து நடந்திருக்க வேண்டிய ஒரு தேர்வில், உங்கள் இயக்குநர் தமக்குத் தெரிந்தவர்களைப் பிடித்து, முறையான வழிக்கு வெளியே காரியத்தை முடித்துக் கொடுத்தார். நீங்கள் நன்றி சொல்ல நினைத்தீர்கள். மடலோ அவர்மீது ஒரு குற்றச்சாட்டைப் பதிவு செய்தது. தேர்வுக் குழுவையும் சேர்த்தே எழுதியதால், அதன் உறுப்பினர்களும் அந்தக் குற்றச்சாட்டுக்குள் வந்துவிட்டார்கள். பணி ஓய்வு நாளில், கோப்பில் நிலையாகத் தங்கப்போகும் ஒரு தாளில் இப்படி ஒரு வரியைக் கண்டவரின் முகம் மாறியதில் வியப்பில்லை. மூத்த அலுவலர் காரணம் சொல்லாமல் விட்டதும் புரிந்துகொள்ளக்கூடியதே. விளக்கப் புகுந்தால் அந்தக் குற்றச்சாட்டை எல்லோர் முன்னிலையிலும் இன்னொரு முறை வாய்விட்டுச் சொன்னதாகிவிடும்.

நீங்கள் பார்த்த பட்டியல் பொய் சொல்லவில்லை. பாதி சொல்லி நிறுத்திக்கொண்டது. தமிழில் ‘சிபாரிசு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அவரைச் சிபாரிசு செய்தேன்’ என்பதில் குறை ஏதும் இல்லை. ‘சிபாரிசு பிடித்து உள்ளே வந்தவர்’ என்றாலோ கேட்பவர் உதட்டைச் சுழிப்பார். தமிழ் கற்கும் ஓர் அயலாருக்கு அகராதி இரண்டையும் ‘பரிந்துரை’ என்ற ஒரே சொல்லால்தான் விளக்கும். ஒன்று மரியாதை, மற்றொன்று ஏளனம் என்பதை வீட்டிலும் அலுவலகத்திலும் கேட்டுக் கேட்டுத்தான் அவர் அறிய வேண்டும். ‘புல் ஸ்டிரிங்ஸ்’ அந்த இரண்டாவது இனத்தைச் சேர்ந்தது.

அந்தத் தொடரின் பின்னால் இருப்பது பொம்மலாட்டக் கயிறு. ஆட்டுகிறவர் திரைக்குப் பின்னால் இருக்கிறார், கண்ணுக்குத் தெரிவது பாவை மட்டுமே. மறைவு என்ற கருத்து தொடரின் உள்ளேயே தைக்கப்பட்டிருக்கிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ‘புல் ஸ்டிரிங்ஸ்’, ‘புல் எ ஃபியூ ஸ்டிரிங்ஸ்’ என்று எழுதினால் தெரிந்தவர்களைப் பிடித்து ஒரு காரியத்தைச் சாதிப்பது என்று பொருள். நடுவில் ‘த’ என்ற சுட்டிடைச்சொல்லைச் சேர்த்து ‘புல் த ஸ்டிரிங்ஸ்’ என்று எழுதினால், ஒரு அமைப்பையோ ஆட்சியையோ திரைமறைவில் இருந்து முழுவதுமாக இயக்குவது என்று பொருள் மாறிவிடும். முன்னதற்குத் தமிழில் ‘சிபாரிசு பிடித்தல்’ பொருந்தும். பின்னதற்குச் ‘சூத்திரதாரியாக இருத்தல்’ அச்சாகப் பொருந்தும், ஏனெனில் சூத்திரம் என்பதே நூலும் கயிறும்தான். மொழிபெயர்ப்புகளைத் திருத்தும்போது நான் அதிகம் சந்திக்கும் பிழைகளில் ஒன்று, இந்த ஒற்றை இடைச்சொல்லைக் கவனிக்காமல், நண்பனுக்கு ஒரு நுழைவுச்சீட்டு வாங்கித் தந்தவரைச் சூத்திரதாரி ஆக்கிவிடுவது. கயிறு இங்கே எப்போதும் பன்மையில்தான் வரும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

‘நோ ஸ்டிரிங்ஸ் அட்டாச்டு’ என்பதிலும் கயிறு இருக்கிறது, ஆனால் அது வேறு கயிறு. கொடுத்ததைத் திரும்ப இழுத்துக்கொள்ளக் கட்டிவைத்த கயிறு. ‘நிபந்தனை ஏதும் இல்லாமல்’ என்பது அதன் பொருள்.

‘புல் ஸ்டிரிங்ஸ்’ முற்றிலும் தீண்டத்தகாத தொடர் என்று நினைத்துவிட வேண்டாம். நண்பர் ஒருவர் உங்களிடம், ‘ஐ கேன் புல் எ ஃபியூ ஸ்டிரிங்ஸ் ஃபார் யூ’ என்று சொன்னால், அது கண்சிமிட்டலோடு கூடிய நட்பு. தம்மைப் பற்றித் தாமே, பேச்சில், கொஞ்சம் பெருமையோடும் கொஞ்சம் குறும்போடும் சொல்லிக்கொள்ள அது இடம் தருகிறது. அதையே பிறரைப் பற்றி எழுத்தில் சொன்னால் குறும்பு உதிர்ந்துபோய்ப் பழி மட்டும் மிஞ்சும். யார், யாரைப் பற்றி, பேச்சிலா எழுத்திலா என்ற இந்த மூன்று கேள்விகளும் பட்டியல்களில் இடம்பெறுவதில்லை. அதனால்தான் பட்டியலில் மனப்பாடம் செய்தவர்கள், ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவர்களைவிடச் சில வேளைகளில் அதிகமாகச் சிக்கிக்கொள்கிறார்கள்.

பாராட்டையும் பழியையும் பிரித்தறிய வழி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். நான் பல ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லிவரும் ஒரு சோதனை இருக்கிறது. இலக்கண விதி என்று அதை ஏற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் பத்தில் எட்டு இடங்களில் கைகொடுக்கும். செல்வாக்கு என்பது எப்போதும் இருவருக்கு இடையில் நடப்பது: ஒருவர் செலுத்துகிறார், மற்றவர் இணங்குகிறார். அந்தத் தொடர் நம் மனத்தில் வரையும் படத்தில் இணங்குகிறவர் என்னவாக இருக்கிறார் என்று பாருங்கள். கேட்கிறவராக, சீர்தூக்கிப் பார்க்கிறவராக, அதாவது முடிவைத் தம் கையில் வைத்திருக்கும் மனிதராக இருந்தால் அந்தத் தொடரை மரியாதையாக எழுதலாம். பாவையாகவோ நூலாகவோ சட்டைப்பையில் கிடக்கும் பொருளாகவோ கைத்தீனி தின்னும் விலங்காகவோ இருந்தால் அந்தத் தொடர் இருவரையும் ஒருசேரத் தாழ்த்துகிறது: ஒருவரைச் சூழ்ச்சிக்காரராக, மற்றவரை முதுகெலும்பு இல்லாதவராக. உங்கள் வரியில் தேர்வுக் குழு பாவையாகிவிட்டது.

இந்தச் சோதனையில் தேறும் தொடர்களில் முதன்மையானது ‘கேரி வெயிட்’. ஒருவருடைய கருத்தைத் தராசில் வைத்தால் தட்டு இறங்குகிறது என்பது படம். தராசைப் பிடித்திருப்பவர் கேட்பவர்தான். ‘ஹெர் ஒபினியன் கேரீஸ் எ லாட் ஆஃப் வெயிட் வித் த போர்ட்’ என்றால், நிர்வாகக் குழுவிடம் அவர் சொல் எடுபடும் என்று பொருள். ‘எடுபடும்’ என்ற நம் சொல் இதற்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். ‘எடையைச் சுமக்கிறது’ என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் அதைத் தேடிப் போவதில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இந்தத் தொடருக்கு எழுவாயாக ஆளை வைப்பதைவிட, அவருடைய கருத்து, சொல், பெயர், அனுபவம் ஆகியவற்றை வைப்பதே இயல்பு. யாரிடம் எடுபடும் என்பதைச் சொல்ல ‘வித்’ சேர்க்க வேண்டும்.

எடையைக் கொண்டு பிறந்த தொடர்களுக்குள்ளேயே ஒரு கண்ணிவெடியும் இருக்கிறது. ‘த்ரோ ஒன்ஸ் வெயிட் பிஹைண்ட்’ என்றால் ஒரு திட்டத்துக்கோ ஆளுக்கோ தம் முழு ஆதரவையும் வெளிப்படையாகத் தருவது. இதை எந்த அலுவலகக் கடிதத்திலும் தயங்காமல் எழுதலாம். கடைசிச் சொல்லை மட்டும் மாற்றி ‘த்ரோ ஒன்ஸ் வெயிட் அரவுண்ட்’ என்றால் பதவியைக் காட்டி எல்லோரையும் அதட்டித் திரிவது. பிரிட்டிஷ் வழக்கில் ‘அரவுண்ட்’ இருக்குமிடத்தில் ‘அபவுட்’ வருவதும் உண்டு. ‘புல் ஒன்ஸ் வெயிட்’ என்பதிலோ செல்வாக்கே இல்லை. துடுப்புப் படகில் ஒவ்வொருவரும் தம் உடல் எடைக்கு ஈடாகவேனும் இழுக்க வேண்டும் என்பதிலிருந்து வந்த தொடர் அது. தம் பங்கு வேலையைச் செய்தல் என்பது பொருள். இயக்குநரைப் புகழ நினைத்து இதை எழுதியிருந்தால், ‘அவர் தம் பங்கு வேலையையாவது செய்தார்’ என்று மடல் சொல்லியிருக்கும். அதைவிடக் கயிறே மேல் என்று அவர் நினைத்திருப்பார்.

அடுத்தது காது. ‘ஹேவ் த இயர் ஆஃப்’ அல்லது ‘ஹேவ் சம்ஒன்ஸ் இயர்’ என்றால், அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் நம் சொல்லுக்குச் செவிசாய்க்கிறார் என்று பொருள். காது யாருடையதோ முடிவும் அவருடையதே என்பதால் இதில் இழிவு இல்லை. ஆனால் மற்றவர்களுக்குக் கிடைக்காத நெருக்கம் இவருக்குக் கிடைத்திருக்கிறது என்ற சிறு பொறாமை வாடை அடிக்கும். அரசியல் செய்திகளில் ‘ஷி ஹேஸ் த பிரைம் மினிஸ்டர்ஸ் இயர்’ என்று வரும்போது அந்த வாடையோடுதான் வரும். ‘லெண்ட் அன் இயர்’ என்பது பரிவோடு கேட்பது. ‘பெண்ட் சம்ஒன்ஸ் இயர்’ என்பதையோ பலர் ‘ஒருவருடைய காதைத் தம் பக்கம் வளைத்தல்’ என்று ஊகித்துச் செல்வாக்குக்குப் பயன்படுத்துகிறார்கள். உண்மையில் அது ஒருவரைப் பிடித்து நிறுத்தி, தம் குறைகளையெல்லாம் அவர் சலித்துப்போகும்வரை கொட்டித் தீர்ப்பது. நாம் ‘காது புளித்துப்போயிற்று’ என்று சொல்லும் நிலைக்கு ஒருவரைக் கொண்டுவருவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் ‘அவர் காதில் ஒரு வார்த்தை போட்டு வையுங்கள்’ என்று சொல்கிறோமே, அதை ஆங்கிலத்தில் எழுத வேண்டுமானால் காதை மறந்துவிட்டு வார்த்தையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: ‘புட் இன் எ குட் வேர்ட் ஃபார் மி’. பரிந்துரை கேட்பதற்கு இதைவிடப் பாதுகாப்பான தொடர் இல்லை. இதன் அண்டை வீட்டுக்காரர்கள் கொஞ்சம் முரடானவர்கள். மேலதிகாரி ஒருவர் தமக்குக் கீழ் உள்ளவரைப் பற்றி ‘ஐ வில் ஹேவ் எ வேர்ட் வித் ஹிம்’ என்று சொன்னால், சூழலைப் பொறுத்து, தனியே கூப்பிட்டு மெல்லக் கண்டிக்கப்போவதாகப் பொருள்படும்; அதையே பன்மையாக்கி ‘ஹேவ் வேர்ட்ஸ் வித்’ என்றால் வாய்ச்சண்டை. நாம் கேலியாகச் சொல்லும் ‘தலையணை மந்திரம்’ என்பதற்கு ஆங்கிலத்தின் ‘பில்லோ டாக்’ இணை போலத் தோன்றும். ஆனால் அது படுக்கையறையில் இணையர் பேசிக்கொள்ளும் அந்தரங்கப் பேச்சையே குறிக்கும். கணவனையோ மனைவியையோ தம் வழிக்குக் கொண்டுவரும் மந்திரம் அதில் கட்டாயம் இல்லை.

இனி, சோதனையில் தேறாதவை. ‘அண்டர் சம்ஒன்ஸ் தம்’ என்றால் ஒருவருடைய கட்டைவிரலின் கீழ் நசுங்கிக் கிடப்பது. ஒரு நாள் நிகழ்ச்சியைச் சொல்லாமல், நீண்டகால அடக்குமுறையைச் சொல்லும். பேரரசின் பிடியில் இருந்த நாட்டுக்கும் எழுதலாம், கொடிய தந்தையின் பிடியில் இருக்கும் குடும்பத்துக்கும் எழுதலாம். சுண்டுவிரலைப் பற்றிய தொடர் இதைவிடச் சுவையானது. ‘ஷி ஹேஸ் ஹிம் ராப்டு அரவுண்ட் ஹெர் லிட்டில் ஃபிங்கர்’ என்றால், நூலை விரலில் சுற்றுவதுபோல் அவரைச் சுற்றிவைத்திருக்கிறாள் என்பது படம். உடனே நமக்கு ‘முந்தானையில் முடிந்துவைத்திருக்கிறாள்’ என்பது நினைவுக்கு வரும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முந்தானை கணவன் மனைவியோடு நின்றுவிடும், அதில் ஏளனமும் மிகுதி. சுண்டுவிரலுக்கு அந்த எல்லை இல்லை. ஐந்து வயதுப் பேத்தி தாத்தாவைச் சுண்டுவிரலில் சுற்றிவைத்திருக்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், தாத்தா உட்பட. அங்கே முந்தானையைக் கொண்டுவந்து போட்டால் மொழிபெயர்ப்பு ஆபாசமாகிவிடும். ‘தாத்தாவை ஆட்டிவைக்கிறாள்’ என்று எழுதினால் போதும்.

சட்டைப்பையைப் பற்றிய தொடரில் மட்டும் நீங்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ‘அந்த அதிகாரி ஒப்பந்தக்காரரின் பாக்கெட்டில் இருக்கிறார்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால், பெரும்பாலும் பணம் கைமாறியிருக்கிறது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். தமிழில் ‘கைக்குள் போட்டுக்கொண்டார்’ என்பதற்குப் பணம் தேவையில்லை. இனிக்கப் பேசியும் கைக்குள் போட்டுக்கொள்ளலாம். ஆகவே தமிழ்த் தொடரை மனத்தில் வைத்துக்கொண்டு ‘இன் ஹிஸ் பாக்கெட்’ என்று எழுதினால், நீங்கள் சொல்ல நினைக்காத லஞ்சக் குற்றச்சாட்டு உங்கள் கையெழுத்தோடு வெளியே போகும். அவதூறு வழக்குக்குக்கூட அது இடம் கொடுக்கலாம்.

என் சோதனை தோற்கும் இடங்களையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ‘ஈட்டிங் அவுட் ஆஃப் ஹிஸ் ஹேண்ட்’ என்பது கையிலிருந்து தீனி தின்னும் விலங்கின் படம்தான். ஆயினும் ஒரு பேச்சாளர் அவையினரை அப்படி வைத்திருந்தார் என்று எழுதினால் அது பேச்சாளருக்குப் பெரும் பாராட்டு. அவையினரும் வருத்தப்பட மாட்டார்கள். ‘ட்விஸ்ட் சம்ஒன்ஸ் ஆர்ம்’ இன்னும் விசித்திரமானது. கையை முறுக்குவது வன்முறை. செய்திகளில் ஒரு நாடு இன்னொரு நாட்டின் கையை முறுக்கியது என்று வரும்போது அது கடுமையான நிர்ப்பந்தமே. ஆனால் விருந்துக்கு இன்னொரு முறை வற்புறுத்தப்பட்டவர் ‘ஓகே, யூ ஹேவ் ட்விஸ்டட் மை ஆர்ம்’ என்று சிரித்துக்கொண்டே சொன்னால், ‘நீங்கள் இவ்வளவு சொல்லும்போது மறுப்பேனா’ என்று பொருள். உள்ளூர அவருக்கு ஆசைதான். ‘லீன் ஆன்’ என்பதற்கோ நேரெதிரான இரு பொருள்கள்: துயரத்தில் ஒருவர்மீது சாய்ந்துகொள்வதும் அதுதான், மறைமுகமாக மிரட்டிப் பணியவைப்பதும் அதுதான். இவற்றில் சூழலைத் தவிர வேறு வழிகாட்டி இல்லை.

அரியணையைச் சுற்றிய தொடர்களைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன், ஏனெனில் அலுவலக மடலில் அவை உங்களுக்கு அதிகம் தேவைப்படாது. ‘கிங்மேக்கர்’ என்ற பட்டம் இங்கிலாந்தின் வார்விக் பிரபு ரிச்சர்ட் நெவிலோடு நிலைத்துவிட்டது. 1461இல் நான்காம் எட்வர்ட் அரியணை ஏறத் துணைநின்று, பிறகு அவரோடு பகைத்து, 1470இல் ஆறாம் ஹென்றியை மீண்டும் அரியணையில் அமர்த்தி, 1471இல் போர்க்களத்தில் இறந்தவர் அவர். பிறரை மன்னராக்க முடிந்தவர், ஆனால் தாம் மன்னராகாதவர் என்ற அந்த முரணோடுதான் இன்றும் அந்தச் சொல் வழங்குகிறது. ‘எமினான்ஸ் கிரீஸ்’ என்ற பிரெஞ்சுத் தொடரையும் ஆங்கில எழுத்தில் அடிக்கடி காண்பீர்கள். ‘சாம்பல்நிற மேன்மையாளர்’ என்பது அதன் நேர்பொருள். பிரான்சின் முதன்மை அமைச்சராக இருந்த கர்தினால் ரிஷலியுவுக்கு அந்தரங்க ஆலோசகராக விளங்கியவர் ஜோசப் என்ற துறவி. கர்தினாலின் சிவப்பு அங்கிக்கு எதிரே இவருடைய துறவாடை நிறத்தைச் சுட்டி அந்தப் பெயர் வந்தது. பதவியில் இல்லாமல் பதவியில் இருப்பவரை வழிநடத்துகிறவர் என்பது பொருள். நிறுவனத்தின் முன்னாள் தலைவரைப் பற்றி எழுதும்போது அரைமரியாதையும் அரை ஐயமும் கலந்து இதைப் பயன்படுத்துவார்கள். உங்கள் மடலுக்கு உதவாது.

‘கால் த ஷாட்ஸ்’ என்பது முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் என்பதைச் சொல்லும் பேச்சுவழக்கு. ‘புல் ரேங்க்’ என்பது பதவியின் உயரத்தைக் காட்டி வாதத்தை முடித்துவைப்பது, எப்போதும் குறைதான். இவ்வளவு போதும்.

இப்போது ‘இன்ஃப்ளூயன்ஸ்’ என்ற சொல்லுக்கு வருவோம். உங்கள் கேள்விகளில் இதுவே மிகவும் கூர்மையானது என்பது என் எண்ணம். அதன் லத்தீன் வேர்ப்பொருள் ‘உள்ளே பாய்தல்’. விண்மீன்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று மனிதருக்குள் பாய்ந்து அவர்களுடைய குணத்தையும் விதியையும் மாற்றுகிறது என்று இடைக்காலச் சோதிடர்கள் நம்பினார்கள். சொல் அந்த நம்பிக்கையிலிருந்து வந்தது. கொள்ளைநோயும் விண்மீன்களின் வேலையே என்று கருதியதால்தான் இத்தாலியர்கள் காய்ச்சல் ஒன்றுக்கு ‘இன்ஃப்ளுவென்சா’ என்று பெயரிட்டார்கள். 1743ஆம் ஆண்டுப் பரவலின்போது அது ஆங்கிலத்துக்குள்ளும் வந்தது. நம்முடைய ‘செல்வாக்கு’ வேறு நிலத்தில் முளைத்தது: செல்லும் வாக்கு, அதாவது காசு செல்லுபடியாவதுபோல் ஓர் இடத்தில் செல்லுபடியாகும் சொல். ஆங்கிலச் சொல்லில் ஏதோ பாய்கிறது; தமிழ்ச் சொல்லில் ஒருவர் பேசுகிறார், அது செல்கிறது. ஆங்கிலச் சொல் மனிதருக்கு மட்டுமன்றி வெயிலுக்கும் இசைக்கும் விலைவாசிக்கும் பொருந்துவதும், செல்வாக்கு மனிதரோடும் நிறுவனங்களோடும் பெரும்பாலும் நின்றுவிடுவதும் இதனால்தான். ‘நிலவின் செல்வாக்கால் கடலில் ஓதம் எழுகிறது’ என்று எந்தத் தமிழரும் இயல்பாக எழுத மாட்டார்.

ஆகவே ஒரே ஆங்கிலச் சொல்லைத் தமிழில் மூன்றாகப் பிரித்துக்கொண்டால் முன்னிடைச்சொற்களின் குழப்பம் தானே தீரும். ‘தாக்கம்’ என்று சொல்லத்தக்க இடத்தில் ‘ஆன்’ வரும்: ஒரு ஆசிரியர் மாணவரின் சிந்தனையில் ஏற்படுத்தியது ‘இன்ஃப்ளூயன்ஸ் ஆன்’. ‘பிடி’ அல்லது ‘ஆதிக்கம்’ என்று சொல்லத்தக்க இடத்தில் ‘ஓவர்’ வரும்: ஒரு தலைவர் தம்மைப் பின்பற்றுவோர்மீது வைத்திருப்பது ‘இன்ஃப்ளூயன்ஸ் ஓவர்’, அவர் சொன்னால் இவர்கள் செய்வார்கள் என்ற கட்டுப்பாடு அதில் உண்டு. அதிகாரம் உள்ளவரிடம் நமக்கு இருக்கும் மதிப்பைச் சொல்ல ‘வித்’ வரும்; சரியாக நம் ‘செல்வாக்கு’ உட்காரும் நாற்காலி அதுதான். ‘ஹி ஹேஸ் இன்ஃப்ளூயன்ஸ் வித் த கமிட்டி’ என்றால் குழுவிடம் அவருக்குச் செல்வாக்கு உண்டு. ‘ஓவர் த கமிட்டி’ என்று எழுதினால் குழு அவருடைய பிடியில் இருக்கிறது. கயிறு இல்லாமலேயே பழைய தவற்றைத் திரும்பச் செய்ததாகிவிடும், கவனியுங்கள். இந்த எல்லைகள் சுவர்கள் அல்ல, நல்ல எழுத்தாளர்களிடமும் ‘ஆன்’ இருக்குமிடத்தில் ‘ஓவர்’ வருவதுண்டு; ஆனால் ஐயம் வரும்போது இந்தப் பிரிவினை உங்களைக் காப்பாற்றும். வினைச்சொல்லாக வரும்போது மூன்றும் வேண்டாம். ‘இட் இன்ஃப்ளூயன்ஸ்டு ஆன் மை டிசிஷன்’ என்பது பிழை. ‘ஆன்’ இல்லாமல் எழுதுங்கள்.

இதே சொல்லில் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ‘அண்டர் த இன்ஃப்ளூயன்ஸ்’ என்று எழுதி, யாருடைய அல்லது எதனுடைய என்று சொல்லாமல் நிறுத்தினால், ‘குடிபோதையில்’ என்று பொருள். ஓர் ஆய்வுக் கட்டுரையில் ஒரு கவிஞரைப் பற்றி இப்படிப் பாதியில் நின்ற வாக்கியத்தை நான் திருத்தியிருக்கிறேன். கட்டுரையாளர் எண்ணியது முன்னோரின் தாக்கம். ‘அன்ட்யூ இன்ஃப்ளூயன்ஸ்’ என்பது இங்கிலாந்துச் சட்டமரபில் வேரூன்றிய கலைச்சொல். வெளிப்படையான மிரட்டல் இல்லாமலேயே, தம்மை நம்பியிருக்கும் ஒருவருடைய நம்பிக்கையைப் பயன்படுத்தி அவரிடம் உயிலோ ஒப்பந்தமோ எழுதி வாங்குவதை அது குறிக்கும். நீதிமன்றத்தில் நிறுவப்பட்டால் அந்த ஆவணமே நிலைக்காமல் போகலாம். ‘மிகுந்த செல்வாக்கு’ என்ற எண்ணத்தில் அதை எழுதிவிட வேண்டாம்.

உங்கள் மடலில் என்ன எழுதியிருக்கலாம் என்று பார்ப்போம். பேச்சில் என்றால் ‘ஹி புட் இன் எ குட் வேர்ட் ஃபார் அஸ்’ போதும். எழுத்தில், அதுவும் பாராட்டு மடலில், ‘த்ரூ ஹிஸ் குட் ஆஃபிசஸ்’ என்ற தொடர் இருக்கிறது. இதில் வரும் ‘ஆஃபிசஸ்’ அலுவலகக் கட்டடங்கள் அல்ல. ஒருவர் தம் நற்பெயரையும் நிலையையும் கொண்டு பிறருக்காகச் செய்யும் நல்ல முயற்சிகள். பகைத்து நிற்கும் நாடுகளுக்கு இடையே ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்செயலாளர் மேற்கொள்ளும் சமரச முயற்சிகளையும் இதே தொடரால்தான் குறிக்கிறார்கள். எப்போதும் பன்மையில் வரும். சற்றுப் பழமையான கம்பீரம் உடையது. ஓய்வு பெறுபவருக்கான மடலில் அந்தப் பழமை அழகாகவே இருக்கும்.

இன்னும் எளிமையாக வேண்டுமென்றால் ‘ஹி வாஸ் இன்ஸ்ட்ருமென்டல் இன் செக்யூரிங் த டிரெய்னிங் ஃபார் அவர் டீம்’ என்று எழுதலாம். ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்றால் கருவி. படத்தில் பொருளாக மாறியிருப்பவர் இங்கே இணங்கியவர் அல்லர், உதவியவரே என்பதால் தொடருக்கு ஒரு பணிவு வந்துவிடுகிறது, குழுவும் பாவையாகாமல் தப்பிக்கிறது. தமிழாக்கும்போது ‘கருவியாக இருந்தார்’ என்று எழுதிவிடாதீர்கள். நம் வழக்கில் அது யாரோ அவரைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று ஒலிக்கும். ‘உறுதுணையாக நின்றார்’ என்பதே சரி.

மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. நீக்கப்பட்ட வரியை விளக்கி ஒரு கடிதம் எழுதினால், கோப்பிலிருந்து போனது மறுபடியும் கோப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் இயக்குநர் ஆங்கிலத்திலேயே ஆண்டுக்கணக்கில் அலுவல் பார்த்தவர் என்றால், இது சொல்தவறு, எண்ணத்தவறு அல்ல என்பதை முகம் மாறிய அடுத்த நிமிடமே உணர்ந்திருப்பார். நேரில் பார்க்கும்போது, ‘நன்றி சொல்ல வந்த இடத்தில் சொல் தவறிவிட்டது ஐயா’ என்று தமிழிலேயே சொல்லுங்கள். மடல் இன்னும் இறுதி வடிவம் பெறவில்லையென்றால், ‘இன்ஸ்ட்ருமென்டல்’ என்று தொடங்கும் அந்த வரியை, நீக்கப்பட்ட இடத்திலேயே சேர்த்துவிட்டு, மூத்த அலுவலரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.